அக்காவின்ர இன்டர்வியூவும் மூண்டு வயரும்

என்ர அன்பான ஜெராட் அத்தான்,

நீங்கள் போய் எட்டு மாசமாச்சு. அங்க கரண்ட் வெட்டுறதில்லை எண்டு நினைக்கிறன். இங்க வெள்ளவத்தையில உங்கட பிளாட்டில கரண்ட் இருக்குது, டிவி இருக்குது, எல்லாம் இருக்குது. எதை எதில கொழுவுறது எண்டு தெரிஞ்ச ஆள்தான் இல்லை. அதால வந்த வினையைச் சொல்லப்போறன். சிரிக்கக் கூடாது. சரி, சிரியுங்கோ.

போன மாசம் ரீற்றா அக்கா ஒரு வேலைக்கு எழுதிப் போட்டவ. கொள்ளுப்பிட்டியில ஒரு ஒஃபிஸ், வீட்டில இருந்தே கணக்கு வேலை செய்யலாமாம். கலியாணத்துக்கு முந்தி துறைமுகத்துக்குப் பக்கத்துக் கொம்பனியில கணக்கு எழுதினவதானே. நீங்கள் அவவைக் கண்டுபிடிச்சதும் அங்கதானே. இருபத்திரண்டு வருசத்துக்குப் பிறகு திரும்பப் பேனை பிடிக்கப்போறா எண்டு எனக்குச் சந்தோசம்.

இன்டர்வியூ வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு, லப்டொப்பில. அவையள் ஒரு கணக்குத் தாளை அனுப்புவினம், அவையள் பார்த்துக்கொண்டிருக்க இவ நிரப்பிக் காட்டவேணும். போனில அது சரிவராது.

செவ்வாய்க்கிழமை அக்கா வீட்டைத் தூசி தட்டியிருக்கிறா. லப்டொப்பில இன்டர்வியூ நடக்க வீடு எதுக்குத் துப்புரவு? பின்சுவர் தெரியுமாம். சுவர்த் தட்டில இருந்த அந்தோனியார் சுரூபம் சரிஞ்சு, நேர உங்கட லப்டொப்பின்ர திரையில விழுந்தது. காணாமல் போனதைத் தேடித் தாறவர், இருந்ததையும் இல்லாமல் ஆக்கிப்போட்டார். அவருக்கு ஒரு கீறலும் இல்லை.

நான் கொட்டாஞ்சேனையில ஒஃபிஸில இருக்கேக்க அழுதுகொண்டு போன் எடுத்தவ. "தம்பி, திரை செத்துப்போச்சு. திருத்துறவன் சாமான் வர ரெண்டு கிழமை எண்டுறான்."

"அழாதை அக்கா. டிவியில கொழுவினால் சரி. நான் வாறன்."

எந்தப் பேய் என்ர வாயால கதைச்சதோ தெரியாது. ரேடியோவுக்குப் பற்றரியே தலைகீழாய்ப் போடுறவன் நான். உங்களுக்குத் தெரியாததா?

முதல் உங்கட அரிசிச் சாக்கைக் கொட்டினம். "ஒருநாளைக்கு உதவும்" எண்டு வருசக்கணக்காய்ச் சேர்த்த வயர் எல்லாம். சிவப்பு, வெள்ளை, மஞ்சள் மூக்கு வைச்சதே ஒன்பது. செத்த ஆளிட்டச் சொல்லக் கூடாது அத்தான், ஆனால் ஒண்டும் உதவேல்லை.

பிறகு ஆராய்ச்சி செய்தன். லப்டொப்பின்ர விலாவில நீலக் கரை போட்ட ஒரு வாய், உள்ளுக்குப் பதினைஞ்சு சின்ன ஓட்டை. டிவியின்ர முதுகில மெல்லிசாய், தட்டையாய் வேறொரு வாய். காலி வீதிக் கடையில போய், நீல வாயை உள்ளங்கையில கீறிக் காட்டினன். கடைக்காரர் சிங்களத்தில, "ஹரி அங்கிள், ஹரி", சரி சரி எண்டு ஒரு வயரைச் சுத்தித் தந்தார். நானும் "ஹரி" எண்டு வாங்கிக்கொண்டு வந்தன். ரெண்டு முனையும் நீலம். டிவியில அதுக்கு இடமே இல்லை.

அடுத்த நாள் புத்தியாய்க் கேட்டன், ஒரு முனை நீலம், மற்ற முனை தட்டை. அதுவும் இருந்தது! கொழுவினன். ரெண்டு பக்கமும் கச்சிதமாய்ப் போய் இருந்தது. அக்கா கைதட்டினவ. டிவியைப் போட்டால், "சிக்னல் இல்லை". ஊதினன், கழட்டித் திருப்பிக் கொழுவினன், டிவியின்ர முதுகில ஒரு தட்டும் தட்டினன்.

"அவர் தட்டினால் வேலை செய்யும்" எண்டு அக்கா செபமாலையை எடுத்தவ.

வியாழக்கிழமை அரைநாள் லீவு போட்டுட்டுப் புறக்கோட்டைக்குப் போனன். ஒரு சந்துக்குள்ள சின்னக் கடை. உள்ளுக்கு இருந்த முஸ்லிம் நானாவுக்கு என்ர வயசு இருக்கும். வயரைப் பார்த்தவர், சிரிக்கேல்லை. அதுக்காகவே அவரைக் கும்பிடலாம்.

"லப்டொப் எத்தின வருசம்?"

"பன்னெண்டு இருக்கும். அத்தான் வாங்கினது."

"டிவி?"

"மூண்டு."

"வாய் பொருந்தினாப் போதாது. உங்கட லப்டொப் பழைய பாஷை பேசுது, டிவிக்கு அது விளங்காது. நடுவுல ஒரு ஆள் வேணும், மொழிபெயர்க்க."

"வழக்குக் கோட்டில நிக்கிற மொழிபெயர்ப்பாளர் மாதிரியோ?"

"அதேதான். இந்த வயருக்குள்ள ஆளே இல்ல, வெறும் கம்பி."

நெருப்புப் பெட்டி அளவில ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து வைச்சார். கன்வேட்டராம். அதுக்கு லப்டொப்பில இருந்தே கரண்டும் குடுக்கவேணுமாம், பட்டினி போட்டால் மொழிபெயர்க்காதாம். நீல வாயால படம் மட்டும்தான் போகும், சத்தம் போகாது எண்டு அதுக்கும் ஒரு மெல்லிசு வயர். கடைசியாய், "மேசையில இருந்து டிவி எவ்வளவு தூரம்?" எண்டு கேட்டார்.

"கிட்டத்தான்" எண்டன். அளக்காமல். என்ர கடைசிப் பிழை அது.

வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்குக் கொழுவினன். படம் வந்தது அத்தான்! உங்கட டிவியில, ஆள் உயரத்துக்கு! ஆனால் வயர் ஒரு முழம். சாப்பாட்டு மேசை டிவி அலுமாரியில இடிச்சுக்கொண்டு கிட்டப் போக மாட்டன் எண்டுது. ஸ்டூலில வைச்சால் பதிவு, உயரம் போதாது. எட்டத்தில வைச்சால் வயர் காணாது, பக்கத்தில வைச்சால் கமெராவுக்கு அக்காவின்ர காது மட்டும்தான் தெரியும்.

பத்து மணிக்கு இன்னும் மூண்டு நிமிசம். கடைசியில நான் டிவிக்குக் கீழ முழந்தாளில நிண்டு, ரெண்டு கையாலயும் லப்டொப்பை ஏந்திக்கொண்டு நிண்டன். அக்கா கதிரையை இழுத்து முன்னால இருந்து, என்ர கையில இருந்த லப்டொப்பில தட்டத் தொடங்கினவ.

எனக்கு டிவி முதுகுப்பக்கம். அவையள் ஒரு அம்மாவும் ஒரு ஐயாவும் எண்டு குரலில இருந்துதான் தெரிஞ்சது. நான் கண்டது அக்காவின்ர முகத்தை மட்டும். உங்கட செத்தவீட்டுக்குப் பிறகு அவ்வளவு கிட்ட, அவ்வளவு நேரம் அதைப் பார்க்கேல்லை. நல்லாய் மெலிஞ்சு போனா.

இருபது நிமிசத்தில என்ர கை நடுங்கத் தொடங்கிச்சு.

"மேடம், அங்க பூமி அதிருதோ?" எண்டு ஐயா கேட்டார்.

அக்கா கண்ணை எடுக்காமல் சொன்னவ: "இல்லை சேர். என்ர தம்பி. வயர் கட்டை, அவன்தான் மேசை."

அங்க சிரிப்புச் சத்தம் அடங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு அந்த அம்மா கேட்டா, "வீட்டில இதெல்லாம் பழுதானால் ஆர் பார்ப்பினம்?"

அக்கா தட்டுறதை நிப்பாட்டினவ. இந்த எட்டு மாசமும் அவ என்ன செய்தவ தெரியுமோ? தண்ணி பில்காரன் கேட்டாலும் சரி, பாங்கில இருந்து போன் எடுத்தாலும் சரி, "அவர் வெளியில போயிட்டார்" எண்டுதான் சொல்லுவா. நானும் திருத்தினதில்லை. எப்பிடித் திருத்துறது?

"என்ர மனுசன் பார்த்தவர்," எண்டா. "அவர் இறந்திட்டார். இப்ப தம்பி பார்க்கிறான். அவனுக்கு ஒண்டும் தெரியாது. ஆனால் கூப்பிட்டால் வருவான்."

முழந்தாள் வலியில கண்ணீர் வந்தது எண்டு பிறகு அக்காவுக்குச் சொன்னன். நீங்களும் அதையே நம்புங்கோ.

உங்களிட்ட ஒரு களவையும் ஒப்புக்கொள்ளவேணும். உங்கட போன் லைனை வெட்டச் சொல்லி அக்கா போனை என்னட்டத்தான் தந்தவ. நான் வெட்டேல்லை. என்ர ஒஃபிஸ் மேசை லாச்சியில வைச்சு, ரெண்டு நாளைக்கு ஒருக்கா அதின்ர பழைய ஊசிமுனைச் சார்ஜரைக் கொழுவுவன். ஏன் எண்டு கேட்டால் எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமை மத்தியானம் அது அடிச்சது. திரையில "ரீற்றா". எடுக்கவோ விடவோ தெரியாமல் எடுத்திட்டன்.

"ஹலோ" எண்டன்.

"தம்பியோ?" எண்டா. "நம்பர் மாறி எடுத்திட்டன். விரல் தன்பாட்டில போயிட்டுது. இந்தப் போன் இன்னும் இருக்குதோ?"

"ஓம் அக்கா. சார்ஜ் போடுறனான்."

"நீயோ? சரியான வயரிலயோ?"

"ஓம் அக்கா. சரியான வயரில."

அவ சிரிச்சவ, அழுதவ, எது முதல் எண்டு தெரியேல்லை. பிறகு மூக்கை உறிஞ்சிப்போட்டு, "வேலை கிடைச்சிட்டுது. அவரிட்டச் சொல்லிவிடு" எண்டு போனை வைச்சிட்டா.

சொல்லிப்போட்டன் அத்தான்.

வாற ஞாயிறு பூசை முடிய வெள்ளவத்தைக்குப் போறன். போனையும் சார்ஜரையும் அக்காவின்ர கையில குடுப்பன். வைச்சிருக்கிறதோ வெட்டுறதோ, அது அவவின்ர விருப்பம். அதுவரைக்கும் பற்றரி இறங்க விடமாட்டன். இது சத்தியம்.

இப்படிக்கு,
உங்கட மனுசியின்ர தம்பி, கூப்பிட்டால் வாற மச்சான்,
அன்ரன்