கூரைக்குக் கீழே நின்ற ஆள்

காரைக்கால்மேடு
12.11.1984

அன்பு மகள் அஞ்சுகத்துக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகமாகத்தான் இருக்கிறோம், அவளுக்கு முழங்கால் வலி மட்டும் மழையோடு வந்துவிட்டது. பாரிஸ் குளிரில் நீ உடம்பைப் பார்த்துக்கொள். ஐப்பசி மழை விடாமல் பிடித்ததில் பத்து நாளாகப் படகு கரையிலேயே கிடக்கிறது. சும்மா இருந்த கை ஒரு வினையைச் செய்துவிட்டது, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஆடியில் வந்திருந்தபோது கமாலுதீன் வெல்டிங் கடையில் நீ செய்த இரும்புக் கூரைச் சிற்பத்தை, தை மாதம் மெட்ராஸ் கண்காட்சிக்குப் போகும்வரை பத்திரமாக வைத்திருங்கள் என்றாயே, அது உப்புக்காற்றில் செக்கச்செவேலென்று துருப்பிடித்திருந்தது. கடலோரத்துக்காரன் துருவைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பானா? உப்புத்தாளால் தேய்த்து இரண்டு கோட்டு சில்வர் பெயிண்ட் அடித்தேன். அதோடு விட்டேனா, கூரைக்கு அடியில் விரல் நகமளவு பிசிறு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. படகில் பிசிறு இருந்தால் வலை சிக்கிக் கிழியும், அந்தப் பழக்கத்தில் அரம் வைத்து ராவி வழவழப்பாக்கிவிட்டேன்.

மறுநாள்தான் உன் கடிதம் வந்தது. நீ அந்த ஊரில் முதன்முதலாகப் போய் இறங்கிய ரயிலடியின் கூரை அது, துருதான் அதன் நிறம், தொடாதீர்கள் என்று எழுதியிருந்தாய். கீழே நிற்கிற சின்ன ஆள் நீதான் என்றும், எங்கே போவதென்று தெரியாமல் அன்று பெட்டியோடு ஒரு மணி நேரம் அழுதுகொண்டு நின்றாய் என்றும் எழுதியிருந்தாய். எம்பொண்ணையே ராவித் தள்ளிட்டீங்களே என்று அம்மா ஒரே சத்தம், அப்புறம் அவளே அழுதாள். எனக்கோ, எட்டு வருஷக் கடிதங்களில் நீ அழுததை ஒரு வரிகூட எழுதவில்லையே என்பதுதான் நெஞ்சை அறுக்கிறது. சுகம் சுகம் என்று எழுதினாய், நாங்களும் நம்பிவிட்டோம்.

கமாலுதீனிடம் ஓடினேன். பெயிண்ட சொரண்டிடலாம்ண்ணே, துருவ கடலு குடுத்துடும், ஆளு மட்டும் எனக்கு வராது, அது அஞ்சுகம் கையாலதான் வரணும் என்றான். சுரண்டிவிட்டேன். தினமும் காலையில் ஒரு குடம் கடல்தண்ணீர் ஊற்றுகிறேன், துரு மெல்ல ஏறுகிறது. துருவைக் கண்டு நான் சந்தோஷப்படுவது ஆயுசில் இதுதான் முதல் தடவை, எனக்குப் புத்தி பிசகிவிட்டதென்று கரையெல்லாம் பேச்சு.

கோபமிருந்தால் திட்டி எழுது, அப்பா மனசு நோகுமே என்று பார்க்காதே. அங்கே கஷ்டமென்றாலும் கஷ்டமென்றே எழுது. வெல்டிங் வைக்கும்போது கண்ணாடி போட மறக்காதே. அம்மன் உன்னைக் காப்பாள். தைக்கு முன்பே புறப்பட்டு வா. கூரை தயாராக இருக்கும், ஆளை நீதான் நிறுத்த வேண்டும். இந்தத் தடவை அவள் தனியாக நிற்க வேண்டாம், பக்கத்தில் எங்கள் இரண்டு பேரையும் நிறுத்து.

ஆசிகளுடன்,
உன் அப்பா
தர்மராஜ்