தையல் விட்ட லென்ஸ்

12.9.2006, செவ்வாய்

பன்னிரண்டு வருஷத்துக்கு முன் வலது கண்ணுக்குள் நூல் போட்டுத் தைத்து வைத்த லென்ஸ் சரிந்துவிட்டது. நூல் அறுந்துவிட்டதாம். மறுபடி தைக்காவிட்டால் அந்தக் கண் தேறாது என்றார் டாக்டர்.

"வருஷா வருஷம் வந்து காட்டணும்னு அப்பவே சொல்லியிருக்கோமே" என்று பழைய ஃபைலைத் திருப்பினார். சொன்னதைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டிருந்தவன் என் தம்பி. சண்டையில் சாவிக்கொத்தை எறிந்து கண்ணைக் கெடுத்தவனும், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவனும் அவன்தான்.

வருஷம் தவறாமல் வாசலில் வந்து நிற்பான். "அண்ணே, ஒரு எட்டு கண்ணைக் காட்டிட்டு வந்துருவோம்ணே."

"அம்புட்டு அக்கறைன்னா உன் கண்ணைப் பிடுங்கிக் குடுடா" என்பேன். நடிக்கிறான் என்றே நினைத்தேன். நாலு வருஷமாக அவன் வருவதில்லை.

ஆபரேஷனுக்குக் கூட இருக்க ஒரு ஆள் வேண்டுமாம். பூத்திலிருந்து ஆனையூரில் தம்பி வீட்டுக்குப் போன் போட்டேன். தம்பி மகள் எடுத்தாள்.

"யாரு பேசுறது?"

பெரியப்பா என்று சொல்ல வாய் வரவில்லை. "அப்பா இருக்காராம்மா?" என்றேன்.

"இந்தா வாராங்க, லைன்லயே இருங்க சார்" என்றாள்.

சார் என்றதும் வைத்துவிட்டேன்.