மாமுவின் காலில் தளர்ந்த கம்பி

என் உயிரான சேவியர் மாமுவுக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. டோல்கேட்டில் உன் சைக்கிள் ரிப்பேர் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். உன் கால்மேல் ஏறியது மாதிரியான டிரெய்லர்கள் துறைமுகத்துக்கு இன்னும் வரிசை கட்டி நிற்கின்றன. உன் மனைவி, என் ஸ்டெல்லா அக்கா, இறால் கம்பெனி வேலைக்குத் திரும்பிவிட்டாள். நான்தான் சரியாக இல்லை. என்னை நினைத்தால் எனக்கே குமட்டுகிறது. ஏன் என்று முதலில் உன்னிடம்தான் சொல்ல வேண்டும்.

உன் முழங்காலுக்குக் கீழே வளையங்கள் மாட்டி, எலும்பைத் துளைத்துக் கம்பிகள் கோர்த்திருந்ததை ஆஸ்பத்திரியில் முதல் நாள் பார்த்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். உனக்கு வைத்தியம் பார்த்த டாக்டரம்மா அசராமல் இந்த வளையம் வந்த கதையைச் சொன்னார். உடைந்த முட்டிச்சில்லைச் சேர்த்துப் பிடிக்க, பிரான்சில் ஒரு டாக்டர் இரும்புக் கொக்கிகளைத் தோல் வழியாகவே குத்தி இறுக்கினாராம். அங்கேதான் தொடக்கமாம். பிறகு வெளியே ஒரு சட்டமும், அதிலிருந்து எலும்புக்குள் இறங்கும் திருகாணிகளும் வந்தன. பெரிய போர் முடிந்த காலத்தில், ஆறாத காலோடு வந்த சிப்பாய்களுக்கு சைபீரியாவில் ஒரு டாக்டர் இந்த வளையத்தை மாட்டினார். கம்பி கிடைக்காமல் முதலில் சைக்கிள் ஸ்போக்கையே எடுத்தார் என்று சொல்வார்களாம்.

நீ படுத்தபடியே சிரித்தாய். "அட, இது நம்ம வேலைதாம்மா. ஸ்போக்க முறுக்கி வீலுக்குக் கோட்டம் எடுக்குற மாரி, என் காலுக்குக் கோட்டம் எடுத்துகினு கீறீங்க."

வீட்டுக்கு வந்த பிறகு, அக்கா காலை ஷிப்ட் போய்விடுவாள். கம்பி நுழைந்த இடங்களைத் துடைத்துக் கட்டுவது என் வேலை. மூன்றாவது வாரம் கீழ் வளையத்தருகே சீழ் வைத்தது. கொடுங்கையூர் குப்பைமேட்டுப் புகையில் வளர்ந்த மூக்கு என்னுடையது. அதற்கே அந்த நாற்றம் தாங்கவில்லை. துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு, பாதித் துளைகளைத் துடைக்காமலே கட்டுப் போட்டேன். உனக்குத் தெரிந்திருந்ததா மாமு?

ஒரு நாள் காலையில் நீ ஒவ்வொரு கம்பியாக விரலால் சுண்டிப் பார்த்தாய்.

"டேவிட்டு, இத்த கேளு. மத்ததெல்லாம் டிங்குன்னு பேசுது. இது பேசல. லூசாயிடுச்சி. ஆடிகினே கீது, அதான் புண்ணு. டாக்டரம்மாவாண்ட போய் சொல்லிடு."

ஆஸ்பத்திரி வாசல்வரை போனேன். சொன்னால் உன்னைக் கூட்டிவரச் சொல்வார்கள். ஆட்டோவில் அந்தக் காலை என் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த நாற்றம் என் முகத்துக்கு நேரே இருக்கும். எதிரே டீ குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

"சொல்ட்டியா?"

"சொல்ட்டேன் மாமு. அப்டிதான் இருக்குமாம்."

உன் காதை நம்பாமல் என் வாயை நம்பினாய். ஐந்தாம் நாள் குளிர்ஜுரம். சர்க்கரை உடம்பு வேறு. காலையே வெட்டி எடுத்தும் விஷம் ரத்தத்தில் ஏறி உன்னைக் கொண்டுபோய்விட்டது. "பெத்த புள்ள மாதிரி பாத்துகினடா அவர" என்று அக்கா என் கையைப் பிடித்து அழுதாள். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

நேற்று பக்கத்து வீட்டுக்காரரை அதே வார்டுக்கு அழைத்துப் போனேன். எண்ணூர் ரோட்டில் அடிபட்டவர். அவர் காலிலும் வளையம். டாக்டரம்மா அவரிடம் சொன்னார்: "கம்பி லூசான மாதிரி தெரிஞ்சா உடனே வந்துடுங்க. டைட் பண்றது அஞ்சு நிமிஷ வேலை."

வெளியே போய் வாந்தியெடுத்தேன். அன்று நான் சொல்லியிருந்தால் நீ இருந்திருப்பாயா? டாக்டரம்மாவிடம் கேட்கத் துணியவில்லை.

தெருவில் இன்றும் என்னை உதாரணம் காட்டுகிறார்கள், "மச்சான்னா இவன மாதிரி இருக்கணும்" என்று. அதைக் கேட்டுத் தலையாட்டுகிற இந்த முகத்தில் காறித் துப்பலாம்.

ஞாயிறு பூசை முடிந்ததும் அக்காவை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். குடித்த டீயையும் மறைக்க மாட்டேன். அவள் என் முகத்தில் கதவைச் சாத்தினால், சாத்திய கதவுக்கு வெளியே நின்று மிச்சத்தையும் சொல்லி முடிப்பேன். இந்த முறை பொய் இல்லை மாமு.

உன் ஸ்டெல்லாவின் தம்பி,
டேவிட்