கைத்துண்டின் மூலை

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

மேசையில் வைத்திருந்த கைத்துண்டின் மூலையில் என் தையல் இருந்தது. அதைத்தான் முதலில் பார்த்தேன். உன்னை அப்புறம்தான் பார்த்தேன். உங்கள் பிரெஞ்சு ஓட்டல், அந்த பிஸ்ட்ரோவின் துணியெல்லாம் எங்கள் லாண்டரிக்குத்தான் வருகிறது, உனக்கே தெரியும். கிழிசல் தைப்பது நான். அந்த மூலை மறுபடி பிரிந்திருந்தது. கை சும்மா இருக்காமல் பையிலிருந்து ஊசியை எடுத்துவிட்டேன். தப்புதான்.

சொல்லாமல் வந்ததும் தப்புதான். "ஒருநாள் என் மேசையில் உங்கள் இருவரையும் உட்காரவைத்துப் பரிமாறுவேன்" என்று நீ எழுதியதை அம்மா என்னை எத்தனை முறை படிக்கச் சொல்லியிருப்பாள்! தன் பிறந்தநாளுக்கு வேறெங்கும் வரமாட்டேன் என்றாள்.

கழிப்பறைக் கதவோரம் மேசை கொடுத்தாய். வெங்காய சூப் ஆறிப்போயிருந்தது. ரொட்டி பல்லைப் பதம் பார்த்தது. "இவ்ளோ பெரிய தட்டுல இத்தனூண்டு கறியா? கழுவுறவங்க பாவம்டி" என்று அம்மா சிரித்தாள். அதெல்லாம் எனக்குப் பெரிதில்லை.

அம்மா கைகழுவப் போன நேரத்தில் மேனேஜர் என் ஊசியைப் பார்த்துவிட்டு உன்னிடம் கேட்டார்: "யாரிது? உனக்குத் தெரிஞ்சவங்களா?" நீ என்னைப் பார்த்துக்கொண்டே, "தெரியாது சார்" என்றாய்.

அம்மா காதில் அது விழவில்லை. "என்னையே மேடம்னு கூப்பிட்டா பாத்தியா? வேலைன்னா அப்படித்தான் இருக்கணும்" என்று பஸ்ஸில் வழியெல்லாம் பூரித்துப்போனாள். மாதக் கடைசி ஞாயிறு உன் அறைக்கு வருகிறாளாம். உன் ஜன்னலுக்குத் திரை தைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஏன் அக்கா அப்படிச் சொன்னாய்?

உன்
பூச்சி


மார்ச் 9

என் வாயில்லாப்பூச்சிக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நம்பு.

எங்கள் குடும்பமே வெளியூரில் ஓட்டல் நடத்துகிறது என்று சொல்லித்தான் இந்த வேலையில் சேர்ந்தேன். பரிமாறுகிறவர்களுக்கு என்னைத் தலைவி ஆக்கலாமா என்று மேனேஜர் கவனித்துக்கொண்டிருந்த வாரம் அது. நீயானால் நட்டநடுவில் உட்கார்ந்து கிழிசல் தைக்கிறாய்! நான் என்னடி செய்வேன்? "உனக்குத் தெரிஞ்சவங்களா?" என்று அவர் கேட்டதும், "தெரியாது சார்" என்று வாயில் வந்துவிட்டது. சொன்னது சொன்னதுதான், இனி மாற்ற முடியாது.

அந்தப் பதவி கிடைத்துவிட்டது. உன்னையும் இங்கே துணிகளைக் கவனிக்கிற வேலையில் சேர்த்துவிடுகிறேன். ஆனால் பக்கத்துவீட்டுப் பெண் என்றுதான் சொல்வேன், நீயும் அப்படியே இருந்துகொள். அம்மா ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். அறையில் என்னோடு வேலை செய்கிற பெண்களும் இருக்கிறார்கள். நீயே பக்குவமாகச் சொல்லிவிடு. இதைப் படித்துக் காட்டும்போது, வழக்கம்போல் விட வேண்டியதை விட்டுவிட்டுப் படி. நீதான் சமர்த்தாச்சே.

அன்பு முத்தங்களுடன்,
அக்கா


மார்ச் 12

அக்காவுக்கு,

வழக்கம்போல் என்று எழுதியிருக்கிறாய். உண்மைதான். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது என்பதால் நீ காய்ச்சலில் கிடந்ததை விட்டுவிட்டுப் படித்தேன். லீவு கிடைத்தும் நீ சிநேகிதிகளோடு போனதை, லீவே கிடைக்கவில்லை என்று படித்தேன். உன் படிப்புக்காக எட்டாவதோடு நான் நின்றபோது, "எனக்குப் படிப்பு ஏறலம்மா" என்று சொன்னதும் அந்தக் கணக்கில்தான் சேரும். அம்மா இன்றுவரை அதை நம்புகிறாள்.

அந்த வேலை எனக்கு வேண்டாம். பக்கத்துவீட்டுப் பெண் வேண்டுமானால் உன் பக்கத்து வீட்டில் தேடிக்கொள்.

நேற்று தபால் வந்தபோது அம்மா திரையின் அடி மடிப்பைத் தைத்துக்கொண்டிருந்தாள். "என்ன எழுதியிருக்கா? கொஞ்சம் சத்தமாப் படிடி, உன் குரல் உனக்கே கேக்காது" என்றாள்.

ஒரு வரி விடாமல் படித்தேன்.

ஊசி துணியிலேயே நின்றுவிட்டது. அம்மா திரையை மடியிலிருந்து இறக்கிவைத்தாள். பிறகு, "அந்த மேனேஜர் கேட்டார்ல, அந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை படி" என்றாள்.

படித்தேன்.

உன் தங்கை