கருகுவதற்குள் வா

கதவுக்கு அந்தப்பக்கம் இருக்கும் என் கண்ணுக்கு,

ஒசாகாவுக்கு வந்தால் தெருவில் என்ன சாப்பிடலாம் என்று வெளியூர்க்காரர்கள் நம் கடையில் கேட்பார்கள். நாலு வருடமாக அறையை விட்டு வராத உனக்கும் இப்போது இது புது ஊர்தான், அதனால் சொல்கிறேன். இரும்புக் கோபுரத்தடியில் குச்சியில் குத்திப் பொரித்த மாட்டிறைச்சி நன்றாயிருக்கிறது. ரயிலடியில் கணவாய் அடைக்கு இன்னும் வரிசை நிற்கிறது. கூட்டமில்லாத நேரமாகப் போகலாமா?

மீன்காரர் குமெதா நேற்று உன் ஜன்னலைப் பார்த்துச் சிரித்தார். "என்னக்கா, மகராசன் இன்னும் எந்திரிக்கலையா? நாலு வருசத் தூக்கமா?"

"நீங்க விக்கிற ஆக்டோபஸைவிட எம்புள்ளைக்கு உசுரு ஜாஸ்தி. எடையை ஒழுங்காப் போடுங்க."

சொல்லிவிட்டேன். ஆனால் முந்தாநாளிலிருந்து உன் அறை வாசலில் வைத்த தட்டை நீ தொடவில்லை. உன் இருமல் மட்டும் கேட்கிறது. பூட்டை உடைக்கலாம் என்கிறார் அப்பா. இன்று ஒருநாள் பொறுங்கள் என்று கெஞ்சியிருக்கிறேன்.

இனி நம் கடைத் தகோயாகிப் பணியாரத்தை மாடிக்குக் கொண்டுவரமாட்டேன். ஆறிப்போனால் அது வெறும் மாவு உருண்டை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் என் கையிலிருந்து திருப்பும் கம்பியைப் பிடுங்குவாயே. "தள்ளும்மா, கருகுது! உனக்குத் திருப்பவே தெரியலை!"

இதைக் கதவிடுக்கில் தள்ளிவிட்டுக் கீழே போகிறேன். குழிகளில் மாவை ஊற்றுவேன், ஆக்டோபஸ் துண்டும் போடுவேன். கம்பியை மட்டும் தொடமாட்டேன். கருகல் வாசனை உன் அறைக்கு வரும்.

வாடா. வந்து என்னைத் தள்ளு.

கீழே, அடுப்பருகில்,
உன் அம்மா