கதிரைக்குக் கீழே கறுப்புப் பை

செவ்வாய்க்கிழமை, இஷாத் தொழுகைக்குப் பிறகு.

இன்று கல்முனையில் ஊர்த் தொண்டர்களுக்குப் பயிற்சி. பயங்கரவாதம், ஆபத்தான இரசாயனங்கள் பற்றிய ஆரம்ப வகுப்பு. தேநீர் நேரத்தில் பயிற்றுநர் ஒரு கதிரைக்குக் கீழே கறுப்புப் பையொன்றை வைத்திருக்கிறார். முதலில் காண்பவர் எழும்பிச் சொல்ல வேண்டும் என்பது அவருடைய சோதனை. அரை மணித்தியாலமாக ஒருவரும் எழும்பவில்லை.

கடைசியில் அவரே பையைத் தூக்கிக் காட்டினார். "இத்தனை பேர் இருக்கிறீங்க, ஒருத்தருக்கும் கண் இல்லையா?" என்று ஏசினார். நாங்கள் தலையைக் குனிந்துகொண்டிருந்தோம்.

திரும்பும்போது பக்கத்து ஊரான பெரியநீலாவணையிலிருந்து வகுப்புக்கு வந்த யோகன் என் மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்தான். என்னை அண்ணன் முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவான்.

"காக்கா, நீங்க பையைக் கண்டநீங்கதானே?"

"ஓம். நீ?"

"இருந்த உடனேயே கண்டுட்டன். சொன்னா, உனக்கு எப்படித் தெரியும் எண்டுதானே முதல்ல கேப்பாங்க."

எனக்கும் அதே பயம்தான். தெருவில் கிடந்த பெட்டியைப் பற்றிப் பொலிஸுக்கு அறிவித்த என் மச்சானைத்தான் மூன்று நாள் விசாரித்தார்கள்.

யோகனை இறக்கிவிட்டு மருதமுனைக்குத் திரும்பி வரும்போது, என் மகள் குர்ஆன் ஓதப் போகும் மதரஸா ஒழுங்கையில் மண்டையோட்டுப் படம் போட்ட கேன் ஒன்று கவிழ்ந்து ஒழுகிக்கொண்டு கிடந்தது. கிட்டப் போகாதே, ஆட்களைத் தள்ளி நிறுத்து, உடனே அறிவி. படித்ததெல்லாம் ஞாபகம் வந்தது. அறிவிக்க வேண்டிய இலக்கமும் சட்டைப்பையில் இருந்தது.

நான் மோட்டார் சைக்கிளை நிறுத்தவில்லை.

நாளைக்கு ஓதப் போக வேண்டாம் என்று என் மகளிடம் மட்டும் சொன்னேன்.

"ஏன் வாப்பா?" என்று கேட்டாள்.

"சும்மா" என்றேன்.