அகராதி திறக்காத வகுப்பு

ஜூன் 9

வில்லாபுரம் ஆங்கில வகுப்பில் இன்று பதினோரு பேர். அகராதியைத் தொட்டால் பத்துத் தோப்புக்கரணம் என்பது என் சட்டம். தெரியாத சொல்லா, பக்கத்துச் சொற்களைப் பார், அவையே காட்டிக்கொடுத்துவிடும் என்று எட்டு வருடமாகத் தொண்டை கிழியக் கத்துகிறேன். காவ்யஸ்ரீதான் இதில் சூரப்புலி. நர்சிங் முடித்தவள். ஆனால் எதையும் நல்ல அர்த்தமாகவே ஊகிக்கிறாள். இன்று இடிந்துபோன வீட்டை அழகான பழைய வீடு என்றாள். சிரித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

ஜூன் 21

காவ்யஸ்ரீக்கு வெளிநாட்டில் வேலை. படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு பெண்ணை அவர் வீட்டிலேயே தங்கிப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆறு பக்க ஒப்பந்தத்தோடு வகுப்புக்கு வந்தாள். "முழுசும் நானே வாசிச்சுட்டேன் மிஸ். டிக்‌ஷனரியத் தொடவே இல்ல."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. கூட வந்த அவள் அம்மா கனகலட்சுமி, "நீங்க ஒருவாட்டி பாத்துச் சரின்னு சொன்னா அம்புட்டுதான், அனுப்பிருவேன்" என்றார்.

நாலாம் பக்கம். தங்க இடம், சாப்பாடு, வைத்தியம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. அதே வரிசையில், பாஸ்போர்ட்டையும் ஃபோனையும் வீட்டுக்காரரிடம் ஒப்படைக்கும் சம்மதம். அதற்கு முன்னால் ‘இர்ரெவக்கபிள்’ என்று ஒரு சொல். எனக்குத் தெரியவில்லை. வகுப்பே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது — இவர்கள் முன்னால் நான் அகராதியைத் திறப்பதா? சுற்றி இருப்பதெல்லாம் நல்ல சொற்கள்தானே. பத்திரமாக வைத்திருப்பார்கள் என்றுதான் இருக்கும். கையெழுத்துப் போடச் சொன்னேன்.

ஜூலை 2

நேற்று விமானம் ஏறிவிட்டாள்.

இன்றுதான் அகராதியைப் பார்த்தேன். திரும்பப் பெற முடியாதது.

பத்து நாளாக ஏன் பார்க்கவில்லை? பயம்தான். வேறென்ன.

ஜூலை 3

வேலை வாங்கிக்கொடுத்த ஏஜெண்டுக்கு ஃபோன் செய்தேன். அந்தப் பெண்ணே படித்துத்தானே கையெழுத்துப் போட்டது என்றார். வைத்துவிட்டார்.

ஜூலை 19

போய்ச் சேர்ந்த நாளில் பேசியதோடு சரியாம், அப்புறம் ஒரு அழைப்பும் இல்லையாம். கனகலட்சுமி வந்து சொன்னார். வேலை அதிகமாக இருக்கும் என்று சமாளித்து அனுப்பினேன். அவர் போனதும் என்னை நானே திட்டிக்கொண்டேன். அடிப்பாவி, ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா அகராதியைப் பாக்க? அம்புட்டு கௌரவமா உனக்கு?

ஆகஸ்ட் 6

வகுப்பு முடியும் நேரத்தில் கனகலட்சுமி ஃபோனை நீட்டியபடி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "எம்பொண்ணு இங்கிலீஷ்லயே எழுதியிருக்கா மிஸ். படிச்சுச் சொல்லுங்க."

நாலு வரி. நலமாக இருக்கிறேன். இங்கே எல்லா வசதியும் இருக்கிறது. அழைக்க வேண்டாம். யாரிடமும் விசாரிக்க வேண்டாம்.

ஒரு பிழைகூட இல்லை. அவள் நோட்டை எட்டு மாதம் திருத்தியவள் நான். பிழையில்லாமல் நாலு வரி அவள் எழுதியதே கிடையாது. இது அவள் எழுதியது இல்லை.

"நல்லா இருக்காளாம்க்கா" என்றேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை படிக்கச் சொன்னார். படித்தேன்.